முத்திரை இல்லாத கரண்டி

உலகம் இன்றுவரை கவிழாமல் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருப்பதற்குக் காரணம் ஈர்ப்பு விசை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பாவம், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உண்மையான காரணம் எடை அளவுத் துறை. அந்தத் துறையின் தூண்களில் ஒருவர் நம் ஆய்வாளர். துறைக்கு மொத்தம் எத்தனை தூண்கள் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணப் போனால், கட்டடம் எதன்மேல் நிற்கிறது என்ற சங்கடமான கேள்வி வந்துவிடும்.

இருபத்திரண்டு வருட சேவையில் அவர் முத்திரை குத்தாத தராசு அந்த ஊரில் கிடையாது. பழக்கடைத் தராசு, ஆணிக்கடைத் தராசு, தபால் நிலையத்துத் தராசு எல்லாவற்றின் அடிவயிற்றிலும் அவருடைய முத்திரை இருக்கும். கடைவீதி முனையில் அவர் தலை தெரிந்தாலே வியாபாரிகள் தட்டிலிருந்து விரலை எடுத்துவிடுவார்கள். ஊரில் அவருக்குப் பெயரே ‘முத்திரை’ என்று ஆகிவிட்டது. கிண்டலாக வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தாலும் அவர் ஆய்வாளர்தான். அவர் மனைவி தையற்காரர். கல்யாணமான மறுவாரமே அவளுடைய அளவு டேப்பை வாங்கிச் சோதித்து, அது மூன்று மில்லிமீட்டர் நீண்டு போயிருப்பதைக் கண்டுபிடித்தார்.

“இதுவரைக்கும் நீ தெச்ச சட்டை எதுவும் சட்டப்படி சட்டையே இல்ல,” என்றார்.

“போட்டுக்கிட்டவங்களுக்கெல்லாம் சரியாத்தாங்க இருந்துச்சு.”

“அது தற்செயல்.”

மனைவி புது டேப் வாங்கிக்கொண்டாள். அளவு சம்பந்தப்பட்ட விஷயத்தில் அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கு முடிவும் கட்டிக்கொண்டாள். இந்த முடிவு பதினொரு வருடம் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் ஓடியது. பிறகு அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது.

குழந்தைக்கு ஐந்து வாரம் ஆனபோது தாய்க்குக் காய்ச்சல் கண்டது. பிரசவத்துப் புண்ணில் கிருமி சேர்ந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. “இவங்களுக்குக் குடுக்கற மருந்து பால்ல இறங்கும். மருந்து முடியற வரைக்கும் பாப்பாவுக்கு டப்பாப் பால்தான். கவலப்படாதீங்க. ஆறு மாசத்துக்குள்ள இருக்கற பிள்ளைக்குன்னு போட்டிருக்கற பவுடர் எதுவா இருந்தாலும் சரி. டப்பால எழுதியிருக்கறபடி கலக்குங்க, அவ்வளவுதான். இப்ப இங்க ஒரு தடவ குடுத்திருக்கோம். அடுத்தது மூணு மணி நேரத்துல குடுக்கணும்.”

‘எதுவா இருந்தாலும் சரி.’ இந்த மூன்று சொற்களை ஆய்வாளர் தம் வாழ்நாளில் எந்த அலுவலகத்திலும் கேட்டதில்லை. படித்த பெண்மணி இப்படிப் பேசுகிறாரே என்று அவருக்கு மனசு நொந்துபோயிற்று. மனைவியையும் மகளையும் வீட்டில் விட்டுவிட்டு நேராக மருந்துக்கடைக்குப் போனார்.

அலமாரியில் ஆறு வகை டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் ஒரு குழந்தை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகம் படித்தது. இன்னொன்றில் ஒரு கரடி பட்டமளிப்பு விழாத் தொப்பி அணிந்திருந்தது. இரண்டு டப்பாக்களில் ‘தாய்ப்பாலுக்கு மிக அருகில்’ என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

“எவ்வளவு அருகில்?” என்று கேட்டார் ஆய்வாளர்.

“சார்?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“மிக அருகில்னு போட்டிருக்கு. தூரம் போடல. எந்த அலகுல அருகில்?”

“பக்கத்துல வரும்னு அர்த்தம் சார்.”

“அந்த டப்பாவும் அதையேதான் சொல்லுது. ரெண்டும் மிக அருகில்னா, ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி?”

“ரெண்டும் ஒரே அலமாரிலதான் சார் இருக்கு.”

ஆய்வாளர் இதைக் குறித்துக்கொண்டார். பிறகு மூக்குக்கண்ணாடிக் குழந்தையைக் காட்டினார். “இது மூளைக்குன்னு போட்டிருக்கே. அப்ப மத்த அஞ்சையும் குடிக்கற பிள்ளைங்க?”

மருந்துக்கடைக்காரர் இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சார், உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. பச்சப்புள்ள பவுடர்ல இன்னின்னது இருந்தே ஆகணும்னு சட்டம் இருக்கு. அது ஆறுலயும் இருக்கு. உள்ளுக்குள்ள எல்லாம் ஏறக்குறைய ஒண்ணுதான். மிச்சம் டப்பா மேல போட்ட படம்.”

“ஏறக்குறையன்னா எவ்வளவு ஏற, எவ்வளவு குறைய?”

அது தெரிந்தாக வேண்டும். எனவே ஆய்வாளர் ஆறு டப்பாக்களையும் இறக்கச் சொல்லி, கடைத் தராசில் ஒவ்வொன்றாக ஏற்றினார். பின்னால் வரிசை வளர்ந்தது. கட்டை விரலில் ரத்தம் சொட்ட ஒருவர் நின்றார். அவரிடம், “பொது நலனுக்கான வேலை, கொஞ்சம் பொறுங்க,” என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். நடுவில் மனைவி மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும் போனுக்குள் குழந்தை வீறிட்டது.

“என்னங்க, எதையாவது ஒண்ண வாங்கிட்டு வாங்க!”

“தேர்வு நடக்குது,” என்றார்.

மூன்று மணி பத்து நிமிடம் கழித்து, படம் எதுவும் இல்லாத, மேலே போட்ட எடைக்கும் தராசு காட்டிய எடைக்கும் அரை கிராம்கூட வித்தியாசமில்லாத ஒரு டப்பாவைத் தேர்ந்தெடுத்தார். ஆறில் எதை எடுத்திருந்தாலும் சரியாகவே இருந்திருக்கும் என்பதால், அவருடைய தேர்வு மிகச் சரியான தேர்வு என்பதில் சந்தேகமில்லை.

வீட்டில் அவர் வேலை செய்த நேர்த்தியைச் சொல்லாமல் விட்டால் பாவம் வந்து சேரும். சோப்புப் போட்டு முழங்கைவரை கை கழுவினார். பாட்டிலையும் நிப்பிளையும் பத்து நிமிடம் கொதிக்கவைத்தார். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்கி, எத்தனை டிகிரிக்கு ஆறியிருக்கிறது என்று வெப்பமானி வைத்துப் பார்த்தார். முதலில் தண்ணீர், பிறகுதான் பவுடர் என்று டப்பாவில் போட்டிருந்ததற்கு அடிக்கோடு இட்டார். எத்தனை வீட்டில் இவ்வளவு சுத்தம் பார்க்கிறார்கள்? பிறகு டப்பாவைத் திறந்தார். பவுடருக்குள் பாதி புதைந்தபடி வெளிர்நீல பிளாஸ்டிக் கரண்டி ஒன்று கிடந்தது.

அதை இடுக்கியால் தூக்கினார். பூதக்கண்ணாடி வைத்து முன்னும் பின்னும் பார்த்தார். அவர் முகம் இறுகிவிட்டது.

மனைவி நாற்காலியில் சாய்ந்து, அழுது சிவந்த குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டிருந்தாள். “என்னங்க, தண்ணி ஆறிடுச்சு. போடுங்க.”

“இதால போட முடியாது.”

“ஏன்?”

“முத்திரை இல்ல.”

“கரண்டிக்கா?”

“அளக்கற எதுக்கும் முத்திரை வேணும். எவ்வளவு கொள்ளும்னு இதுமேல எங்கயாவது போட்டிருக்கா, பாரு.”

“டப்பா மேல போட்டிருக்கே. உள்ள இருக்கற கரண்டியாலதான் அளக்கணும், வேற எதாலயும் அளக்கக் கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு.”

“டப்பா சொல்லும். டப்பா இதுல ஒரு தரப்பு. கடைக்காரன் வாக்குமூலத்த வெச்சு கடைக்காரனோட படிய சரின்னு ஏத்துக்க முடியுமா?”

காய்ச்சலில் அவளுக்குத் தலை சுற்றியது. டேப் விஷயத்தில் அவர்தானே சரி என்று பழைய நினைவு வேறு வந்து வாயைக் கட்டிப்போட்டது. ஆய்வாளர் கரண்டியை உறையில் போட்டு, அரக்கு உருக்கி மூடி, ‘கைப்பற்றப்பட்ட பொருள்’ என்று மேலே எழுதினார். பிறகு தம் அலுவலகப் பையிலிருந்து எஃகு அளவை ஒன்றை எடுத்தார். வாசனை எண்ணெய் விற்பவர்களைச் சோதிக்க வைத்திருக்கும் ஐந்து மில்லி அளவை. அடியில் பளிச்சென்று முத்திரை. அதையும் பத்து நிமிடம் கொதிக்கவைத்தார். முப்பது மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி என்று டப்பாவில் இருந்தது. தொண்ணூறு மில்லிக்குத் தம் அளவையால் மூன்று, தலைதட்டிப் போட்டார். ஒரு துகள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

குழந்தை ஒரே மூச்சில் குடித்து முடித்தது. முடித்துவிட்டுக் காலி பாட்டிலையும் உறிஞ்சியது. ஒரு மணி நேரத்தில் மறுபடியும் அழுதது. அன்று மட்டுமல்ல, மறுநாளும் அதற்கு மறுநாளும் மணிக்கொரு தரம் அழுதது. நல்ல குரல்வளம் என்று ஆய்வாளர் பெருமைப்பட்டார்.

புதன்கிழமை துறையில் இதற்காகவே சிறப்புக் கூட்டம் கூடியது. துணை இயக்குநர் தலைமை தாங்கினார். மேசை நடுவில், வெள்ளைத் துணிமேல், அரக்கு வைத்த உறை.

“இந்த மாதிரி முத்திரை இல்லாத கரண்டியால இதுவரைக்கும் எத்தன குழந்தைங்க பால் குடிச்சிருக்கும்?” என்று கேட்டார் துணை இயக்குநர்.

“கோடிக்கணக்குல சார்,” என்றார் ஆய்வாளர்.

“அதுங்கல்லாம் என்ன ஆச்சு?”

“வளந்துடுச்சுங்க சார்.”

“எந்த அடிப்படையில?”

“ஒரு அடிப்படையும் இல்லாம சார்.”

துணை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மற்றவர்கள் தண்ணீர் டம்ளரை எடுத்தார்கள். ஒரு தலைமுறையே தங்கள் மேற்பார்வை இல்லாமல் வளர்ந்துவிட்டதை ஜீரணிக்க அவர்களுக்கு அவகாசம் தேவைப்பட்டது.

“உங்க வீட்ல இப்ப எதால அளக்கறீங்க?”

“நம்ம அஞ்சு மில்லி அளவை சார்.”

“குழந்தை என்ன சொல்லுது?”

“ரொம்ப ஆர்வமா குடிக்குது சார். மணிக்கொரு தரம் கேக்குது.”

“பாத்தீங்களா! நம்ம அளவைக்கு எவ்வளவு வரவேற்பு!” என்று துணை இயக்குநர் மேசையைத் தட்டினார்.

வெள்ளிக்கிழமை ஆய்வாளரே எழுதிய சுற்றறிக்கை வந்தது. டப்பாப் பால் குடிக்கும் குழந்தைகளை உடைய ஊழியர்கள் தங்கள் வீட்டுக் கரண்டிகளை உடனே ஒப்படைத்துவிட்டு, முத்திரையிட்ட ஐந்து மில்லி அளவை ஒன்றைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவர்கள் துறையில் பதினான்கு பேர் இருந்தார்கள்.

சனிக்கிழமை மனைவி குழந்தைக்குச் சட்டை மாற்றினாள். அவளே தைத்த சட்டை. கழுத்துப்பட்டிக்குள் விரலை விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னங்க, இங்க வாங்க. தெச்சப்ப இதுல ஒரு விரல்தான் போச்சு. இப்ப ரெண்டு போகுது.”

“துணி நீண்டிருக்கும். துவைச்சா நீளும்.”

“துவைச்சா சுருங்குங்க.”

“பாப்பா குடிக்கற கணக்க பாரு. ஒரு நாளைக்குப் பதினாறு தடவ. எந்தப் பிள்ளை குடிக்கும்?”

 அன்று முழுவதும் அவள் மூன்று நான்கு தடவை அந்தக் கழுத்துப்பட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அவளுக்குள் பயம் புகுந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் அளவை வழங்கும் விழா. பதினான்கு தகப்பன்மார்களும் தாய்மார்களும் வரிசையில் வந்து கரண்டியைக் கொடுத்துவிட்டு அளவையை வாங்கிக்கொண்டார்கள். நம் ஆய்வாளர் கையால்தான் வழங்கினார். கைதட்டல், போட்டோ எல்லாம் உண்டு. அந்தக் கைதட்டல் காதில் ஒலிக்க, மத்தியானம் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வாராந்திர எடைக்காகக் கிளினிக்குக்குப் போனார்.

நர்ஸ் குழந்தையின் துணியைக் களைந்து தராசில் கிடத்தினார். எண்ணைப் பார்த்தார். எடுத்து மறுபடியும் கிடத்தினார்.

“போன திங்கள் மூணு கிலோ எண்ணூத்தி இருபது. இப்ப மூணு அறுநூத்தி எண்பது. இந்த வயசுல வாரத்துக்கு நூத்தம்பது இருநூறு கிராம் ஏறணும். இது இறங்கியிருக்கே.”

மனைவி அழவில்லை. பக்கத்தில் இருந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தாள்.  ஆய்வாளருக்குள் இருந்த தகப்பன் எழுந்திருப்பதற்கு முன்னால் அவருக்குள் இருந்த ஆய்வாளர் எழுந்துவிட்டார்.

“இந்தத் தராச கடைசியா எப்ப சோதிச்சது?”

“சார், வெளியில இருபது அம்மாங்க காத்துக்கிட்டிருக்காங்க.”

அவர் பையிலிருந்து படிக்கற்களை எடுத்துவிட்டார். அரைக் கிலோ வைத்தார். சரி. ஒரு கிலோ. சரி. இரண்டும் ஒன்றுமாக மூன்று. ஒரு கிராம் பிசகவில்லை. கடைசி நம்பிக்கையாகத் தராசைச் சாய்த்து அடியில் பார்த்தார். அங்கே முத்திரை இருந்தது. நான்கு மாதத்துக்கு முந்திய தேதி இருந்தது. பக்கத்தில் கையொப்பம். அவருடையதேதான்.

நீங்களும் நானுமாக இருந்தால் அந்த இடத்தில் திருதிருவென்று விழித்திருப்போம். தராசு தப்பு என்றால் அவர் முத்திரை தப்பு. தராசு சரி என்றால் அளவை தப்பு. அதிலும் அவர் முத்திரைதான். இந்த இக்கட்டிலிருந்து வெளியே வர நம் ஆய்வாளருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நர்ஸின் மேசையில் இருந்த தாளை இழுத்து, சோதனை முடிந்ததும் எழுத வேண்டிய குறிப்பை எழுதினார். ‘தராசு: சரி. அளவை: சரி. குழந்தை: 140 கிராம் குறைவு.’

நர்ஸ் அதைப் படித்தார். “எடை குறைஞ்சது பாப்பாவோட தப்புங்கறீங்களா சார்?”

“எதுல எடை குறையுதோ அதுமேலதான் குறிப்பு எழுதணும். அதுதான் நடைமுறை.”

நர்ஸ் அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. பால் எப்படிக் கலக்கறீங்க?”

மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் கணவரின் சட்டைப் பையைக் காட்டினாள். நர்ஸ் கையை நீட்டினார். ஆய்வாளர் அளவையைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

நர்ஸின் அலமாரியிலும் அதே டப்பா இருந்தது. அதன் நீலக் கரண்டியால் பவுடரை அள்ளி, கத்தி முதுகால் வழித்து, எஃகு அளவைக்குள் மெதுவாகச் சரித்தார். அளவை நிரம்பிவிட்டது. கரண்டியில் இன்னும் பாதி மிச்சம். அளவையை ஒரு தாளில் கவிழ்த்துவிட்டு மிச்சத்தையும் சரித்தார். மறுபடியும் நிரம்பியது.

“ஒரு கரண்டிங்கறது உங்க அளவைக்கு ரெண்டு சார். ஒரு வாரமா பாப்பா குடிச்சது பாதிப் பால், மிச்சம் வெறும் தண்ணி. வயிறு நிறையும், உடம்புல ஒண்ணும் ஒட்டாது. அதிகமா போட்டாலும் ஆபத்து, கம்மியா போட்டாலும் ஆபத்து. அதனாலதான் ஒவ்வொரு டப்பாவுக்கும் அதுக்குன்னு ஒரு கரண்டிய உள்ளயே போட்டு வெச்சிருக்கான். இன்னும் நாலு நாள் விட்டிருந்தீங்கன்னா இங்க வந்திருக்க மாட்டீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு ஓடியிருப்பீங்க.”

அங்கேயே ஒரு பாட்டில் கலந்து கொடுத்தார். குழந்தை குடித்தது. பாட்டிலில் கொஞ்சம் மீதி இருக்கும்போதே தானாக வாயை எடுத்துக்கொண்டு, தாயின் மார்பில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டது. ஒரு வாரத்தில் முதல் தடவையாக அது மிச்சம் வைத்தது.

அந்த மிச்சத்தைப் பார்த்ததும் ஆய்வாளருக்கு அழுகை வந்துவிட்டது. குரல்வளம் என்று நினைத்தாரே, அது பசி. பதினாறு தடவை கேட்ட பிள்ளைக்குப் பதினாறு தடவையும் தம் கையாலேயே தண்ணீரைத் தலைதட்டி அளந்து கொடுத்திருக்கிறார்.

மனைவி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “காலைல பதினாலு பேருக்குக் குடுத்தீங்களே,” என்றாள்.

“நாளைக்கு முதல் வேலையா சொல்லிடறேன்.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். செவ்வாய்க்கிழமை அலுவலகம் திறந்ததும் பிரிவுத் தலைவர்முன் போய் நின்றார். கூட்டத்தில் பிறந்த சுற்றறிக்கை கூட்டத்தில்தான் சாக முடியும், கூட்டம் வியாழக்கிழமை என்று பிரிவுத் தலைவர் விளக்கினார். அதற்குள் பதினான்கு பேரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லலாமா என்று ஆய்வாளர் கேட்டார். நடப்பில் இருக்கும் சுற்றறிக்கைக்கு எதிராக வாய்வார்த்தையாகப் பேசுவது ஒழுங்கீனம் என்று பதில் வந்தது. ஆய்வாளர் ஒழுங்கீனமானவர் அல்ல. வியாழக்கிழமைவரை பொறுத்திருந்தார். பதினான்கு குழந்தைகளும் பொறுத்திருந்தன.

வியாழக்கிழமை துணை இயக்குநர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். “வாங்க, வாங்க. குழந்தை எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு சார். காலைல எடை பாத்தோம். மூணு நாள்ல நூத்தி அறுபது கிராம் ஏறியிருக்கு.”

“எழுதிக்குங்க! முதல் பயனாளியின் எடை நூற்று அறுபது கிராம் கூடியுள்ளது.”

“சார், அது நம்ம அளவையால ஏறல. டப்பாக் கரண்டியால ஏறுச்சு.”

“அந்தக் கரண்டிதான் சீல் வெச்சு நம்மகிட்ட இருக்கே?”

“வேற டப்பா வாங்கினேன் சார்.”

“அப்ப சுற்றறிக்கைய மீறியிருக்கீங்க. அதுவும் நீங்களே எழுதின சுற்றறிக்கை.” துணை இயக்குநரின் குரல் மெதுவாக ஆயிற்று. அலுவலகங்களில் குரல் மெதுவானால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். “சரி, நான் கேக்கல, நீங்க சொல்லல. அளவைய வாங்கினவங்க யாராவது புகார் குடுத்திருக்காங்களா?”

“இன்னும் இல்ல சார். ஆனா அந்தக் குழந்தைங்க…”

“எழுத்துல ஒரு புகார் வரட்டும். வந்தா அன்னிக்கே பரிசீலிப்போம். வராத புகாருக்கு நாம எப்படிப் பதில் எழுதறது? அப்புறம், இந்த வருஷத்துச் சிறந்த அலுவலருக்கு உங்க பேரத்தான் அனுப்பியிருக்கேன். இந்தாங்க, கூட்டக் குறிப்பு. கையெழுத்துப் போடுங்க.”

ஆய்வாளர் தாளைப் பார்த்தார். துணை இயக்குநரைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். எப்போதும் போல அழகான கையெழுத்து.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டுக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் விட்டு முகம் தெளிந்திருந்தது. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

“சொல்லிட்டீங்களா?”

“சொன்னேன். பரிசீலிப்பாங்க.”

“எப்ப?”

“யாராவது எழுத்துல புகார் குடுத்த உடனே.”

“யாரு குடுக்கணும்?”

“பாதிக்கப்பட்டவங்க.”

மனைவி பாட்டிலைக் கீழே வைத்தாள். குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் வரும்வரை முதுகைத் தடவினாள். பிறகு அவருடைய பையைத் திறந்து, விழாவன்று அளவை வாங்கியவர்கள் கையெழுத்துப் போட்ட பட்டியலை எடுத்தாள். பதினான்கு பெயர்கள். பக்கத்தில் பதினான்கு போன் நம்பர்கள்.

“அது அலுவலக ஆவணம்,” என்றார் ஆய்வாளர்.

அவள் முதல் நம்பரை அழுத்தினாள். எதிர்முனையில் யாரோ எடுத்தார்கள். எடுத்தவர் ஹலோ சொன்னாரோ இல்லையோ, அது கேட்கவில்லை. அதற்குமேல் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அறைக்கு நடுவில் நின்றிருந்த ஆய்வாளருக்கே கேட்கும்படி அழுதது.

மனைவி போனை அவர் பக்கம் நீட்டினாள்.

“இந்தாங்க, புகார் வந்திருக்கு. வாங்கிக்குங்க.”

இருபத்திரண்டு வருட சேவையில் வந்த புகார் எதையும் தட்டிக்கழிக்காத நம் ஆய்வாளர், சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.